ஆட்டம் முடிந்த நேரம்: மூன்று மணி

1

இந்தக் கதை ஒரு நோட்டிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீல அட்டை, இருநூறு பக்கம், கோடு போட்டது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'ஆட்டம் முடிந்த நேரம்: 3.00.' ஆட்டம் நடந்தது உண்மை, முடிந்ததும் உண்மை. மீதியைப் பற்றித்தான் கதை.

அந்த ஒரு வரியால் ஓர் அக்காவும் தங்கையும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. அவர்கள் இனி பேசுவார்களா மாட்டார்களா என்பதுதான் இங்கே கேள்வி. வேறு மர்மம் எதையும் ஒளித்துவைக்கவில்லை. (ஒளித்துவைக்கிற வேலையைத்தான் ஆறு வருஷம் செய்தாயிற்றே.)

அந்த வரியை எழுதியவனை 'நான்' என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் 'காட்சிக்காரர்' என்று சொல்லப்போகிறேன். வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஆள் நல்லவராகக்கூடத் தெரிவார். இந்தச் சலுகையை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: 'அன்று காலை வானத்தில் ஒரு' — வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தொடக்கம் இரண்டு: 'போர் ஓய்ந்த நாடுகளில் அமைதி என்பது' — பரிசுக் கோப்பைக்காகப் பேசுவதுபோல் இருக்கிறது.

தொடக்கம் மூன்று: பழைய ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றில் ஒரு பயிற்சி மையம் நடக்கிறது. போர் ஓய்ந்த நாடுகளுக்கு அமைதிப் பணிக்குப் போகிறவர்கள் எல்லோரும் துப்பாக்கி தூக்குகிறவர்கள் அல்ல. தேர்தல் நடத்தத் தெரிந்தவர், குழாய் பதிக்கத் தெரிந்தவர், வக்கீல், நர்ஸ், கணினிக்காரர் என்று சாதாரண ஆட்களும் போகிறார்கள். சிவிலியன்கள். போவதற்கு முன்னால் இங்கே இரண்டு வாரம் தங்கி, வயர்லெஸ்ஸில் பேசவும், கண்ணிவெடிப் பலகையைப் பார்த்தால் வந்த காலடியிலேயே திரும்பி நடக்கவும், சோதனைச்சாவடியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும் கற்றுக்கொள்கிறார்கள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு மைதானம். அதில் பிளைவுட்டால் கட்டிய இரண்டு ஊர்கள்: மேல் ஊர், கீழ் ஊர். நடுவே ஒரு கிணறு. கிணற்றின் ஆழம் ஒன்றரை அடி. ஒருமுறை ஒரு வக்கீல் அதற்குள் எட்டிப் பார்த்து, "தண்ணி நல்லா தெளிவா இருக்கே" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். சோதனைச்சாவடியில் மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிளர்ச்சிப்படைத் தளபதி, மற்ற நாட்களில் முடிதிருத்துகிறவர். மதியம் பயிற்சிக்கு வந்தவர்களை மண்டிபோட வைத்துவிட்டு, சாயங்காலம் அவர்களுக்கே சவரம் செய்துவிடுவார். கத்தியைப் பார்த்து யாரும் பயந்ததில்லை, கழியைப் பார்த்துத்தான் நடுங்குவார்கள் என்று அவருக்கு ஒரே பெருமை.

இரண்டாவது வாரத்து வியாழக்கிழமைதான் பெரிய ஆட்டம். இரண்டு ஊருக்கும் சண்டை. பயிற்சிக்கு வந்தவர்கள் நடுவே உட்கார்ந்து பேசித் தீர்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தச் சண்டையைக் கற்பனை செய்து, யார் எப்போது கத்த வேண்டும் என்று பாத்திரக் குறிப்பு எழுதித் தருவது காட்சிக்காரரின் உத்தியோகம். மாசச் சம்பளத்துக்குச் சண்டை மூட்டிவிடுகிற ஆள் என்று அவர் மனைவி சொல்வதில் தப்பில்லை.

3

இப்போது பாத்திரங்கள்.

அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். குரல் கணீரென்று இருக்கும். மையத்தின் முதல் பயிற்சியிலிருந்தே கீழ் ஊர்த் தலைவி.

தங்கை. தையல்காரி. மையம் தொடங்கிய நான்காவது மாதம், இல்லாத நாட்டுப் படைக்குச் சீருடையும், இல்லாத நாட்டுக்குக் கொடியும் தைக்க வந்தவர். மேல் ஊர்த் தலைவியாக இருந்தவர் வேறு வேலைக்குப் போனதும், "நீங்க நில்லுங்களேன், நல்லா முறைக்கிறீங்க" என்று காட்சிக்காரர்தான் இழுத்துவிட்டார். எதிரே நிற்பது அவருடைய சொந்த அக்கா என்பதும், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் அப்போது அவருக்குத் தெரியாது.

(உண்மையாகவே தெரியாதா? தெரியாது. இதில் மட்டும் என்னை நம்பலாம்.)

பிறகு கேன்டீனில் காதில் விழுந்தது. அவர்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்த அன்றைக்கு, தங்கை மதியம் இரண்டரையிலிருந்து அக்காவுக்கு போன் அடித்திருக்கிறார். பதினேழு தடவை. எடுக்கவில்லை. "பெரியவ எங்கே, பெரியவ எங்கே" என்று கேட்டுக்கொண்டே ஐந்து பத்துக்கு அப்பா போய்விட்டார். அக்கா ஆறரைக்கு வந்து சேர்ந்தார். "ஆட்டத்த அஞ்சே முக்கால் வரைக்கும் விடலடி" என்று அழுதார். தங்கை நம்பியும் நம்பாமலும் இருந்தார். நாலு மாசம் கழித்து ஒரேயடியாகப் பேச்சை நிறுத்திவிட்டார். ஏன் அப்போது நிறுத்தினார் என்று கேன்டீனில் யாருக்கும் தெரியவில்லை.

இதைக் கேட்டதும் காட்சிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே அடுத்த பயிற்சியின் பாத்திரக் குறிப்பில் எழுதினார்: 'மேல் ஊரில் ஒரு பெரியவர் சாகக் கிடந்தார். ஆள்மேல் ஆள் அனுப்பியும் கீழ் ஊர்த் தலைவி நேரத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து கிணற்றுப் பாதை அடைபட்டது.' நிஜக் கோபம் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்பது அவருடைய தொழில் தத்துவம். மதிப்பீட்டுப் படிவங்களில் 'மிக இயல்பு', 'கண் கலங்கிவிட்டது' என்று வந்தன. அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

4

நாற்பது தடவை.

வருஷத்துக்கு எட்டுப் பயிற்சி, தங்கை வேஷம் கட்டியதிலிருந்து ஐந்து வருஷம். ஒவ்வொரு முறையும் தங்கை அந்தப் பிளைவுட் வாசலில் நின்று, "சாகக் கிடந்த மனுஷனுக்கு நீங்க வரல" என்று கத்துவார். ஒவ்வொரு முறையும் அக்கா, "வர முடியலங்க, வழியில்ல" என்பார். யாராவது ஒரு வக்கீலோ நர்ஸோ நடுவில் உட்கார்ந்து மூன்று மணிக்குள் சமாதானம் பேசிவிடுவார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். எல்லோரும் கைதட்டுவார்கள். காட்சிக்காரர் மூன்று முறை விசில் ஊதுவார். மூன்றாவது விசிலோடு வேஷம் கலைந்தது என்று அர்த்தம், அதற்குமேல் ஒருவரும் சண்டையைத் தொடரக் கூடாது. அப்புறம் அக்கா நாலு இருபது பஸ்ஸில் போவார். தங்கை அதே நிறுத்தத்தில் நின்று, அதை விட்டுவிட்டு, நாலு முப்பத்தைந்து பஸ்ஸில் போவார். இருவர் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருதான்.

அலமாரியில் இவர்கள் கையெழுத்துப் போட்ட நாற்பது சமாதான ஒப்பந்தங்கள் இருக்கின்றன. உலகத்தில் வேறு எந்த இரண்டு பேரும் இவ்வளவு தடவை சமாதானம் ஆகியிருக்க மாட்டார்கள்.

(இந்த இடத்தில் வாசகர் நியாயமாகக் கேட்பார்: இவ்வளவு வலி இருந்தால் ஏன் அந்த வேலையை விட்டுப் போகவில்லை? நானும் சந்தேகப்பட்டேன். பாத்திரத்தில் ஓட்டை விழுகிறதே என்று ஒருநாள் அக்காவிடமே கேட்டுவிட்டேன். மன்னிக்கவும், காட்சிக்காரர் கேட்டார்.

"அந்த நாப்பது நிமிஷம்தான் சார் அவ எங்கிட்ட பேசுறா" என்றார் அக்கா. "திட்டினா என்ன. குரலையாவது கேக்குறேன்ல."

தங்கையிடம் கேட்கும் தைரியம் காட்சிக்காரருக்கு இல்லை. ஏன் என்பது அடுத்த பகுதியில்.)

5

இதுவரை தள்ளிப்போட்டது போதும். அவர்கள் அப்பா இறந்த அன்றைய மதியத்துக்கு வருவோம். மையத்தின் முதல் பயிற்சி அது.

ஆட்டம் நடக்கும்போது நடிக்கிறவர்கள் போனைக் கையில் வைத்திருக்கக் கூடாது. இல்லாத நாட்டுத் தலைவியின் இடுப்பில் போன் அடித்தால் நன்றாகவா இருக்கும்? எல்லாப் போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு, காட்சிக்காரரின் மேசையடியில் வைப்பது வழக்கம். இரண்டரைக்கு ஒன்று அடித்தது. மறுபடி அடித்தது. எதிரே ஆட்டம் சூடு பிடித்திருந்தது. அவர் எழுதிய முதல் சண்டை! பயிற்சிக்கு வந்த ஒருவர் நிஜமாகவே வியர்த்துக்கொண்டிருந்தார். போன் விடாமல் அடித்தது. காட்சிக்காரர் நாற்காலியில் கிடந்த மெத்தைத் துண்டை எடுத்துக் கூடைமேல் போட்டு அமுக்கினார்.

அவ்வளவுதான் செய்தார். அமுக்கினார்.

மூன்று மணி ஆயிற்று. மூன்றுக்குமேல் ஆட்டம் போகக் கூடாது என்பது மேலிட உத்தரவு. ஆனால் யாரும் விட்டுக்கொடுக்காமல் பிரமாதமாக மோதிக்கொண்டிருந்தார்கள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவர் கை காட்டிக்கொண்டே இருந்தார். விசில் ஊதியபோது ஐந்தே முக்கால். நோட்டில் 3.00 என்று எழுதினார். உத்தரவுப்படி.

இதை மட்டும் செய்திருந்தால் அலட்சியம் என்று பூசி மெழுகிவிடலாம். நாலு மாசம் கழித்து, சீருடைக்கு அளவெடுக்க வந்த தையல்காரி அந்த நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

"சார், இதுல நேரமெல்லாம் சரியா எழுதுவீங்களா?"

மேலிடம் ஆள் அனுப்பி வேவு பார்க்கிறதோ என்று காட்சிக்காரருக்குச் சந்தேகம். "நிமிஷம் பிசகாதுங்க" என்றார்.

தங்கை நோட்டை மூடி வைத்தார். அன்று சாயங்காலத்திலிருந்துதான் அக்காவிடம் பேசுவதை நிறுத்தினார். நோட்டைப் பார்த்ததாக அக்காவிடமோ வேறு யாரிடமோ சொல்லவில்லை. கேட்டால் அக்கா பொய்க்காரி என்று ஊருக்கே தெரிந்துவிடும். அக்காமேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த அவமானத்தை அவளுக்கு வாங்கித்தர மனசு வரவில்லை.

இது எனக்கு எப்படித் தெரியும்? நாற்பத்தெட்டாவது ஆட்டத்தில் தெரிந்தது.

6

நாற்பத்தெட்டாவது பயிற்சிக்கு ஒரு பதிவாளர் வந்தார். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு. ஐம்பது வயசு அம்மாள், மூக்குக்கண்ணாடிக்குச் சங்கிலி, கைப்பையில் எப்போதும் கார்பன் பேப்பர். பதிவேடுகள் எரிந்துபோன ஒரு நாட்டில் யார் பிறந்தார் யார் இறந்தார் என்று திரும்ப எழுதப் போகிறவர். சமரசப் பாடத்தில் அவருக்கு மிகக் குறைந்த மதிப்பெண். 'காது கொடுத்துக் கேட்பதைவிடக் கட்டம் நிரப்புவதில் ஆர்வம் அதிகம்' என்று ஆசிரியர்கள் குறிப்பு எழுதியிருந்தார்கள்.

(இவரை நான் கற்பனையாகச் செய்திருந்தால் இவ்வளவு கார்பன் பேப்பர் வைத்திருக்க மாட்டேன்.)

வியாழக்கிழமை. வழக்கம்போலத் தங்கை, "சாகக் கிடந்த மனுஷனுக்கு நீங்க வரல" என்று கத்தினார். இந்த இடத்தில் நடுவர்கள் எல்லோரும் 'உங்க வேதனை புரியுது' என்பார்கள். பதிவாளர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"இறந்தவர் வயசு என்னம்மா?"

தங்கை திகைத்தார். குறிப்பில் வயசு இல்லை. "எழுபத்தாறு" என்று வாயில் வந்துவிட்டது. அப்பாவின் வயசு.

"எத்தன மணிக்கு?"

"அஞ்சு பத்து."

"தகவல் எப்போ சொன்னீங்க? எது மூலமா?"

"ரெண்டரைலேர்ந்து போன் அடிச்சேன். பதினேழு தடவ."

பிளைவுட் ஊரில் போன் கிடையாது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. பதிவாளர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க வேலை முடிஞ்சு கிளம்பினது எத்தன மணிக்கு?"

"அஞ்சே முக்கா."

"பொய்!" என்றார் தங்கை. 'நீங்க' எல்லாம் பறந்துபோயிற்று. "மூணு மணிக்கு முடிஞ்சுது. நீ மூணு மணி நேரம் எங்க இருந்த? சொல்லு. நான் யாருகிட்டயும் கேக்கல, உன்ன கேவலப்படுத்தக் கூடாதுன்னு யாருகிட்டயும் கேக்கல. ஆனா நோட்ல மூணுன்னுதான் இருக்கு."

"எந்த நோட்ல?" என்றார் அக்கா. சத்தமே இல்லாமல் கேட்டார். ஆறு வருஷத்தில் அவர் அதை முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்.

"எந்த நோட்டு?" என்று பதிவாளரும் கேட்டார். "அத எடுத்துட்டு வாங்க. யார் எழுதினது?"

நோட்டு பத்தடி தூரத்தில், காட்சிக்காரரின் முழங்கைக்கு அடியில் இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐம்பத்தெட்டு. அக்கா மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். இரண்டு ஐம்பத்தொன்பது.

மூன்று மணிக்கு, உத்தரவுப்படி, மூன்று முறை விசில் ஊதினார்.

நோட்டில் 3.00 என்று எழுதினார். சத்தியமாகச் சரியான நேரம். அவர் எழுதியதிலேயே மோசமான வரி அதுதான்.

7

ஒப்பந்தம் கையெழுத்தாகாத ஒரே பயிற்சி அது. பதிவாளருக்குத் தேர்ச்சி கொடுத்தாகிவிட்டது. கிளம்பும்போது அவர் அந்தத் தாளைக் காட்சிக்காரரின் மேசையில் வைத்தார்.

"எல்லாக் கட்டமும் நிரம்பிடுச்சு சார். 'நேரத்தைக் குறித்தவர் கையெழுத்து'ன்னு ஒண்ணு மட்டும் காலியா இருக்கு."

"அது வெறும் பயிற்சிதானே மேடம்?"

"எனக்குப் பயிற்சிதான்" என்றார் பதிவாளர். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். நாலு இருபதுக்கு இன்னும் நேரம் இருந்தது. "அடுத்த ஆட்டம் எப்போ சார்?" என்றார்.

"அடுத்த மாசம் கடைசி வியாழன்."

"அதுவரைக்கும் யோசிச்சு வைங்க" என்றார்.

8

முடிவுகள். கைவசம் மூன்று இருக்கின்றன.

முடிவு அ: காட்சிக்காரர் பஸ் நிறுத்தத்துக்கு ஓடுகிறார். "நான்தான்! நான்தான்!" என்று கத்துகிறார். இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து — வேண்டாம். அவருக்கு முட்டிவலி, ஓட வராது. தவிர, அவருக்கு இன்னொரு கைதட்டல் கிடைத்துவிடும்.

முடிவு ஆ: அக்காவே தங்கையிடம் சொல்லிவிடுகிறார். இது நடக்கலாம். ஆனால் தங்கை ஏற்கெனவே ஒருமுறை அக்கா சொன்னதை நோட்டோடு வைத்துப் பார்த்தவர். இன்னொருமுறை அக்காவை அந்தத் தேர்வில் உட்காரவைப்பது அநியாயம்.

முடிவு இ: இந்த முடிவுதான் காட்சிக்காரருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்த ஆட்டத்தில் ஒரு புதுப் பாத்திரத்தை நுழைப்பது, 'நேரத்தைத் தப்பாக எழுதியவன்'. அதில் அவரே நடிப்பது. வேஷத்துக்குள் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது. யாராவது முறைத்தால் விசில் ஊதி வெளியே வந்துவிடலாம். இரண்டு வாரம் இதை உட்கார்ந்து எழுதினார். வசனம் நன்றாக வந்தது. வசனம் நன்றாக வந்ததாலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது. கிழித்துவிட்டேன்.

ஆமாம், 'எனக்கு' என்றுதான் எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தப்போவதில்லை.

9

இன்றைக்கு அந்தக் கடைசி வியாழன். காலை பதினொன்றுக்கு டீ. அப்போதுதான் நடிக்கிறவர்களுக்குப் பாத்திரக் குறிப்பு கொடுப்பேன். வழக்கமாக ஒரு பக்கம்தான் இருக்கும். இந்தத் தடவை நீளம். இதுதான் அது. நீங்கள் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருப்பது.

மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று மையத்து இயக்குநர் மேசையில் இருக்கிறது. காலையிலேயே படித்துவிட்டு, "நாளைக்கு வந்து பாருங்க" என்றார். நாளைக்குப் பிறகு சண்டை மூட்டிவிடும் உத்தியோகம் எனக்கு இருக்குமா என்று தெரியவில்லை. மற்ற இரண்டு பிரதியும் உங்கள் இருவருக்கு. இவ்வளவு நேரம் 'வாசகர்' என்று நான் சுற்றி வளைத்துக் கூப்பிட்டது உங்களைத்தான். வேறு யாராவது எட்டிப் பார்த்துப் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.

தையல்காரம்மா, உங்கள் அக்கா பொய் சொல்லவில்லை. நீங்கள் அடித்த பதினேழு தடவையும் என் காதில் விழுந்தது. மெத்தைத் துண்டைப் போட்டு அமுக்கியது நான். மூன்று என்று எழுதியதும் நான். நிமிஷம் பிசகாது என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னதும் நான். அப்பா 'பெரியவ எங்கே' என்று கேட்டபோது, பெரியவளை இங்கே நிறுத்தி வைத்திருந்ததும் நான்தான். நாற்பது தடவைக்குமேல் உங்களை அந்த வாசலில் கத்தவைத்து நல்ல பெயர் வாங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மன்னிப்பு கேட்கிறேன். கொடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

அக்கா, நீங்கள் அவகாசம் கொடுத்துக் காத்திருந்தீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் இந்த மன்னிப்பு.

பதிவாளர் வைத்துவிட்டுப் போன தாள் இதோடு இருக்கிறது. காலியாக இருந்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நோட்டில் முதல் பக்கத்து 3.00-ஐ அடித்து 5.45 என்று எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டிருக்கிறேன்.

மதியம் பயிற்சிக்கு வந்தவர்கள் வருவார்கள். அவர்களுக்கு வேறு சண்டை எழுதியாயிற்று, ஒரு பாலத்தைப் பற்றியது. தளபதி கழியோடு பார்த்துக்கொள்வார். உங்கள் இருவருக்கும் இன்று வேஷம் இல்லை. கூடையைக் காலி செய்துவிட்டேன். உங்கள் போன்கள் உங்களிடமே இருக்கட்டும். விசிலை மேசைமேல் வைத்திருக்கிறேன், என் கைக்கு எட்டாத தூரத்தில்.

கிணற்றுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். உட்கார்ந்தாலும் சரி, எழுந்து போனாலும் சரி. என்னைத் திட்டுவதாக இருந்தால் நான் கேன்டீன் வாசலில் நிற்கிறேன். நாலு இருபதில் போவதோ, நாலு முப்பத்தைந்தில் போவதோ, எதை விடுவதோ உங்கள் இஷ்டம். இதற்குமேல் என்ன நடக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை. நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். இந்தத் தடவை நீங்கள் சொல்வதைத்தான் எழுதுவேன்.

ஆட்டம் முடிந்த நேரம்: